பிழைத்த பிறகு

1811-ம் வருஷம் செப்டம்பர் 30-ம் தேதி. பாரிஸ் நகரத்தில் ஒரு வீட்டுக்குள் கறுப்பு உடை தரித்த ஏழு பேர் நுழைந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் லாரே. நெப்போலியனின் சேனையோடு போர்க்களம் போர்க்களமாக அலைந்த ரண சிகிச்சை நிபுணர். அவர்களுக்காகக் காத்திருந்தவர் ஃபானி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியை. வயது 59. மார்பில் புற்றுநோய் என்று டாக்டர்கள் தீர்மானித்திருந்தார்கள். மயக்க மருந்து உலகத்துக்கு வர இன்னும் 35 வருஷம் இருந்தது. கொஞ்சம் மதுவைக் குடிக்கக் கொடுத்து, முகத்தின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். அந்த மெல்லிய துணி வழியாகக் கத்தி மின்னியதை அவர் பார்த்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கத்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கோ அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் பர்னி பிழைத்துவிட்டார். சாமானியப் பிழைப்பு அல்ல. 1840-ம் வருஷம் ஜனவரி வரை, 28 வருஷத்துக்கும் மேல். 1814-ல் ஒரு நாவல் வெளியிட்டார். 1818-ல் கணவரை இழந்தார். 1832-ல் தந்தையின் சரித்திரத்தை அச்சேற்றினார். 1837-ல் ஒரே மகனையும் பறிகொடுத்தார். ரண சிகிச்சையைப் பற்றித் தமக்கைக்குக் கடிதம் எழுத அவருக்கு மாதக் கணக்கில் ஆயிற்று. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் மனம் துணியவில்லை. கத்தி வேலை சுமார் 20 நிமிஷம். அதைச் சுமந்து வாழ்ந்தது 28 வருஷம். வைத்தியம் அந்த 20 நிமிஷத்துக்குத்தான் கணக்கு வைத்திருந்தது.

1894-ல் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற மேதை, மார்போடு அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை விளக்கி எழுதினார். அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் பலருக்குக் கை வீங்கிக் கனத்தது; தோளை உயர்த்த முடியவில்லை. உயிர் கிடைத்ததே, கையைப் பற்றி என்ன குறை என்று கேட்ட காலம் அது.

அந்தக் குறையைக் கேட்க ஒரு நோயாளியே வர வேண்டியிருந்தது. 1952-ல் நியூயார்க்கில் இதே சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தன்னைப் போன்றவர்களின் படுக்கையருகே போய் உட்கார்ந்தார். கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு. பந்தை அழுத்து, கயிற்றை இழு, கை வசப்படும் என்றார். மேலாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு திண்டும் கொடுத்தார். டாக்டர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அவருடைய இயக்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

நம் சென்னையின் கதையிலும் ஒரு பெண்மணி இருக்கிறார். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாமல் போராடி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் தொடங்க வைத்தார். புற்றுநோய் என்றால் சாவுதான் என்று எல்லோரும் நம்பிய காலம். சாவுதான் முடிவென்றால், 'பிறகு' என்ற கேள்விக்கு இடம் ஏது? வைத்தியம் ஜெயிக்க ஜெயிக்கத்தான் அந்தக் கேள்வி வளர்ந்தது.

வளர்ந்ததோடு சிக்கலும் ஆயிற்று. சிறு வயதில் வேறொரு புற்றுநோய்க்காக மார்பில் கதிர் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு, 15, 20 வருஷம் கழித்து மார்பிலேயே புது நோய் வரலாம். உயிர் காத்த மருந்துகளில் சில இதயத்தைத் தளர்த்தும். சில எலும்பை மெலிய வைக்கும். 2005-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் எளிய யோசனை சொன்னது: சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் எழுத்து மூலமாக ஒரு திட்டம் இருக்கட்டும். என்ன மருந்து, எவ்வளவு கதிர், இனி எப்போது எந்தப் பரிசோதனை, எதற்கு அஞ்ச வேண்டும், யார் பொறுப்பு என்று அதில் இருக்கட்டும். எழுதித் தர நேரம் எங்கே என்று டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். நியாயமான முணுமுணுப்புத்தான். ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால், 20 வருஷத்துக்குப் பின் வரும் வேறொரு டாக்டருக்கு யார் கதை சொல்வது?

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பினால் ஆரத்தி எடுக்கிறோம். கோவிலுக்கு வேண்டுதலைச் செலுத்துகிறோம். மறு மாதமே அடுப்படி அவளை அழைத்துக்கொள்கிறது. கை வீங்கினால் அவள் சொல்லமாட்டாள். வருஷாந்தரப் பரிசோதனைக்குப் போக வேண்டுமென்றால், பேத்தியின் பரீட்சை முடியட்டும் என்பாள். யார் கூடப் போவது, பணம் எதிலிருந்து எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்காத வீட்டில், தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன காரியம்.

மகளின் ஜாதகத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் பெட்டியில் பூட்டி வைக்கத் தெரிந்தவர்கள் நாம். பிழைத்து வந்தவளின் அந்த ஒரு தாளையும் கேட்டு வாங்கி, அதே பெட்டியில் வைக்கலாம். தேதி வரும்போது அவள் ஞாபகப்படுத்தட்டும் என்று காத்திராமல், நாமே எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.