கால்சட்டைக் கோவிலும் ஊர்ச்சோறும்

கங்கைகொண்டானிலிருந்து நெல்லை ஜங்ஷன் வந்து, நாகர்கோவில் பஸ் பிடித்து, காவல்கிணறு விலக்கில் இறங்கி, வடக்கன்குளம் போய்ச் சேர எனக்கு அரை நாள் ஆயிற்று. ஜெபிக்கப் போகவில்லை. ஒரு சுவர் இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன்.

அந்த ஊர்க் கோவிலைக் 'கால்சட்டைக் கோவில்' என்பார்கள். 1872இல் கட்டிய கோவில். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு கூடம் பிரிந்து போகும். ஒரு காலில் வேளாளக் கிறிஸ்தவர்கள், மற்றதில் நாடார்களும் பிறரும். பூசை வைக்கும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஆனால் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. இப்படி ஒரு கட்டடத்தை யோசித்து, கோடு போட்டு, கல் அறுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அது அவசரத்தில் நடந்த தப்பு இல்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நட்டாலம் நீலகண்டன் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை ஊழியர், நாயர். ஆடு மாடு செத்து மனம் உடைந்து கிடந்தவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். கூப்பிடுதலைக் கேட்டவர் அதோடு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகினார். 1749இல் பிடித்தார்கள், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் தலைமேல் தண்ணீர் விழுந்த ஊரில், நூற்றிருபத்தேழு வருசம் கழித்துத்தான் கோவிலே இரண்டு காலாக எழும்புகிறது. 2022 மே 15இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது 'பிள்ளை' என்கிற சாதிவால் பேரில் இல்லை. அதையும் சும்மா எடுத்துவிடவில்லை, கேட்டுப் போராட வேண்டியிருந்தது.

சுவருக்கு வேர் இன்னும் பழசு. 1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி சந்நியாசி வேடம் கட்டினார். மேல்சாதிக்கு ஒரு குரு, கீழ்சாதிக்கு வேறு குரு என்று பின்னால் ஏற்பாடாயிற்று. சாதி என்பது சமயம் இல்லை, வெறும் உலக வழக்கம். அதைத் தொட வேண்டாம் என்றார்கள். இந்த 'வழக்கம்' என்கிற சொல்லை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்த சபைக்காரர்கள் நல்லவர்கள் என்று நினைக்க வேண்டாம். சாதியை விட்டுவிட வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் எழுதியதும், தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய கலகமே நடந்தது.

வடக்கன்குளத்துச் சுவரை 1910இல் இடித்தவர் கௌசானல் என்ற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார். கட்ட இடம் கொடுத்ததும் அதே சபை, இடித்ததும் அதே சபை. தன் முன்னோர் செய்ததைத் தன் பொறுப்பென்று எடுத்துக்கொண்ட காரியம் அது. பிரசங்கத்தில் வருத்தம் தெரிவித்து முடித்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும். தனி இடம் எங்கள் உரிமை என்ற அவர்கள் வாதம் அங்கே எடுபடவில்லை.

ஆனால் அடிப்படையில் அது வேளாளருக்கும் நாடாருக்கும் நடந்த வழக்கு. அந்தச் சுவர் விழுந்ததைத் தலித் விடுதலை என்று யாராவது எழுதினால் நான் ஒப்பமாட்டேன். விழுப்புரம் பக்கத்து இறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது? அடிதடி, துப்பாக்கிச் சூடு, சாவு. 2016இல்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பெரிய சமூகப் பாவம் என்று ஒத்துக்கொண்டது. நோபிலி வந்து நானூற்றுப் பத்து வருசம் ஆகிவிட்டது! அரசாங்கம் இன்னும் மோசம். 1950 ஆணையின்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, இவர்களுக்கு இல்லை.

இதையெல்லாம் எழுத எனக்குச் சுலபமாக இருக்கிறது. எழுதச் சுலபமில்லாத ஒன்றும் இருக்கிறது.

கங்கைகொண்டான் பக்கம் எங்க தெருவுக்குச் சாயங்காலமானா ஒரு புதிரை வண்ணார்த் தாத்தா வருவார். எங்க அழுக்கை வெளுக்கிறவர். எங்க வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் அவர்தான் மாத்துத் துணி விரிக்கணும். கூலி, ஊர்ச்சோறு. வீடு வீடா நின்னு சட்டியை நீட்டணும். என் பாட்டி வயசு அவருக்கு. ஆனா பாட்டி "ஏல, வந்துட்டியா"ன்னுதான் கேப்பா. சோத்தைச் சட்டி மேல படாம உசரத்திலிருந்து போடுவா. பத்து வயசுல நானும் அப்படித்தான் போட்டேன். எங்க தண்ணிக்குழாயில மேல்சாதிக்காரன் கை படாம ஊத்துனதைப் பத்தி மேடை மேடையா நான் பேசியிருக்கேன், இதைப் பேசினதில்லை.

அவர் செத்துப்போனார். இப்போது அவர் மகள் வருகிறாள். போன மாதம் எங்க தெரு இளைஞர் கூட்டத்தில், ஊர்ச்சோறை நிறுத்திக் கூலியைப் பணமாகக் கொடுக்கணும், வயசுக்குத் தக்க முறை வைத்துக் கூப்பிடணும் என்று சொன்னேன். அரங்கம் அமைதி. கடைசியில் ஒரு பெரியப்பா எழுந்திரிச்சார். சாதி ஒழிப்புப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்.

"அது சாதியில்ல தம்பி. அது ஒரு வழக்கம்லா" என்றார்.

முடிவு எடுக்காமலே கூட்டம் கலைந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் இதையே முதல் பொருளாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.