ஜனாப் ஜின்னாவின் தந்தி

நாடு பிறக்குமுன் அதற்குத் தூதர் நியமனமாவது அபூர்வம். திருவிதாங்கூரில் அது நடந்தது. 1947 ஜூன் 11-ம் தேதி, வெள்ளையர் போனதும் சமஸ்தானம் சுதந்திர நாடாகிவிடும் என்று திவான் ஸர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். கையோடு, இன்னும் உதயமாகாத பாகிஸ்தானுக்கு ஓய்வுபெற்ற போலீஸ் உயர் அதிகாரி ஒருவரைப் பிரதிநிதியாகக் குறித்தார். காங்கிரஸ் தலைவர்கள் சீறினார்கள். ஜனாப் ஜின்னாவோ, இரு தரப்புக்கும் அனுகூலமான உறவுக்குப் பாகிஸ்தான் தயார் என்று ஜூன் 20-ம் தேதி தந்தி அடித்தார். அந்த ஆதரவுக்கு நன்றி சொல்லத் தூதர் கப்பலேற வேண்டியதுதான் பாக்கி.

ஒரு தந்திக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அரிசிதான் காரணம். தேங்காய், மிளகு, ரப்பர் எல்லாம் கொழித்த அந்தச் சீமையில் நெல் மட்டும் பற்றவில்லை. 1942-ல் பர்மா விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றது. மரச்சீனிக் கிழங்குதான் பல வீடுகளில் சோறு. பேச்சிப்பாறைத் தண்ணீரில் விளைந்த நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்கள்தாம் சமஸ்தானத்தின் களஞ்சியம். நாஞ்சில் நாட்டு நெல் எத்தனை வாய்க்குக் காணும்? ஆகவே திவானின் கணக்கில் சிந்து மாகாணத்து அரிசியும் இருந்தது.

மாற்றுச் சரக்கு அவர் கையில் இல்லாமலில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதை 1909-லேயே ஒரு ஜெர்மானியர் கண்டுவிட்டார். முதலில் அது காஸ் விளக்கு வலைக்குப் போயிற்று. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அந்த மணலுக்கு வந்த மவுசே வேறு! 1947 தொடக்கத்தில் பிரிட்டனுடன் திவான் அதற்கு ஒப்பந்தமே செய்திருந்தார்.

சாமர்த்தியத்தில் சி. பி.க்கு நிகரானவர் குறைவு. ஆனால் அந்த நெல்லுக்கும் மணலுக்கும் உரிய ஜனங்களை யார் கேட்டார்கள்? அவர்களோ தமிழகத்தோடு சேரவேண்டும் என்று நாகர்கோவிலில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே புன்னப்புரை, வயலாரில் 1946 அக்டோபரில் சுடப்பட்டவர்களின் குடும்பங்களில் கண்ணீர் காயவில்லை. தூரத்துச் சிநேகிதர் இருந்தார். வீட்டுக்குள் ஆதரவு இல்லை.

ஜூலை 25-ம் தேதி இரவு, திருவனந்தபுரத்துச் சங்கீத சபையில் திவான் வெட்டப்பட்டார், உயிர் தப்பியது. ஜூலை முடியுமுன் இந்தியாவுடன் இணையச் சம்மதித்து மகாராஜாவின் தந்தி டில்லிக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் சி. பி. பதவி விட்டு வெளியேறினார். கராச்சித் தூதருக்கு இனி என்ன வேலை?

1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. வயலும் வந்தது, மணலும் வந்தது.