வினைமுதலும் கருவியும்: மூளை - பொறி இணைப்பில் மனித விருப்பு

வினைமுதல், கருவி ஆகிய இரண்டனையும் மூன்றாம் வேற்றுமைப் பொருளாகத் தொல்காப்பியர் ஒருங்கே கூறினார். பின்வந்த இலக்கணிகள் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனப் பகுத்தனர். மனித மூளை பொறியோடு இணையும்போது இப்பாகுபாடு உரிமைச் சிக்கலாகிறது.

1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அவ்வலைகளால் கணிப்பொறியை இயக்கக்கூடுமா என்பதை 1973இல் ஜாக் விடால் ஆராய்ந்தார். 2004இல் அமெரிக்காவில் கைகால் செயலிழந்த ஒருவர், மூளையில் பதித்த மின்முனைகளின் வழியே கணிப்பொறித் திரையின் சுட்டுக்குறியை நகர்த்தினார். ஏவியவர் அவர், இயற்றியது பொறி.

இந்தியாவில் இதன் மறுதலை நிகழ்ந்தது. குற்றப் புலனாய்வில் ஐயத்திற்குரியோரின் மூளையலைகள் அவர்தம் இசைவின்றியும் பதியப்பட்டன. செல்வி எதிர் கருநாடக மாநிலம் என்னும் வழக்கில், இத்தகைய சோதனைகளைக் கட்டாயப்படுத்துவது அரசமைப்பின் 20(3), 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது என 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசுவதா, பேசாதிருப்பதா என்னும் தெரிவு மனிதருக்கே உரியது என்பது அதன் உட்கிடை.

இன்று செயற்கை நுண்ணறிவு, தெளிவற்ற மூளைக்குறிகளைத் தானே நிரப்பிச் சொல்லாக்குகிறது. அச்சொல் யாருடையது? அதனை மறுக்கவும் நிறுத்தவும் இயலும்வரை மனிதர் வினைமுதல். அவ்வுரிமை நீங்கின் அவரே கருவியாவார்.