அம்மாச்சியின் வாய்ச்சொல்லும் ஒரு பத்திரம்தான்

எட்டயபுரம் என்றால் பாரதி பிறந்த ஊர் என்பார்கள். உமறுப்புலவர் அடங்கிய ஊர் என்பார்கள். எங்கள் சேரிக்கு அது அரண்மனை ஊர். "அரண்மனக் காடு, அரண்மனப் புஞ்ச" என்றுதான் எங்க அம்மாச்சி பேசும். "நம்ம நிலம்" என்று அது சொல்லி நான் கேட்டதில்லை.

1799இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியோடு நின்றதற்கு, பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் எட்டயபுரத்துக்குப் பங்கு கிடைத்தது. 1802 நிரந்தரத் தீர்வுச் சட்டம் பாளையக்காரரை ஜமீன்தாராக்கியது. உழுதவன் பேரில் இல்லை, பேஷ்குஷ் கட்டினவர் பேரில் மண் எழுதப்பட்டது.

செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. ஆனால் அது சர்க்கார் தரிசு. ஜமீன் தரிசை எடுத்து நமக்குக் கொடுக்க அந்த ஆணையால் ஆகாது. கொடுத்த இடத்திலும் நிலம் கைமாறிப்போனது. அதைத் திரும்பக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நமக்கு என்ன வந்தது? ரயத்துரிமை காட்டினவருக்குப் பட்டா. ஜமீன்தாருக்கு நஷ்டஈடும் சொந்தப் பண்ணை நிலமும். புறம்போக்கு, மேய்ச்சல் தரை, தரிசு, காடு எல்லாம் சர்க்காருக்கு. கூலிக்காரனுக்குக் காட்ட என்ன காகிதம் இருந்தது? ஆடு மேய்த்ததும் விறகு பொறுக்கினதும் அந்தப் பொதுத் தரையில்தான். நேற்றுவரை அரண்மனைக்குப் பயந்து நுழைந்தோம். மறுநாள் முதல் காக்கிச்சட்டைக்குப் பயந்து நுழைந்தோம். "ஆளு மாறுனான், அடி மாறல"ன்னு அம்மாச்சி சொல்லும்.

கரிசலில் நாம் புஞ்சையையும் காடு என்கிறோம். சட்டம் சொல்லும் காடு வேறு, கோவில்பட்டிப் பக்கத்துக் குருமலை மாதிரி. அந்தக் காட்டுக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தனி ஆளுக்கு மட்டுமில்லை, ஊருக்கே பொது உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் 2008இல் நீதிமன்ற ஆணையால் பட்டா கொடுப்பது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே வழி திறந்தது.

அதிலும் ஒரு படி மேலே, ஒரு படி கீழே. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் போதும். காட்டை நம்பி வாழும் தலித்துகள் 'பிற பாரம்பரிய வனவாசிகள்'. அவர்கள் அந்தத் தேதிக்கு முன்னே மூன்று தலைமுறை, 75 வருஷம், நிரூபிக்க வேண்டும். காகிதமே மறுக்கப்பட்டவனிடம் முக்கால் நூற்றாண்டுக்குச் சாட்சி கேட்கிறார்கள்.

ஆனால் அதே சட்டத்தின் விதிகளைப் படியுங்கள். கிணறு சான்று. சுடுகாடு சான்று. சாமி கும்பிடும் இடம் சான்று. உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி, அதை எழுதிவைத்தால் அதுவும் சான்று. இப்படி ஒன்றுக்கு மேற்பட்டவை சேரவேண்டும். மனுவை முதலில் விசாரிப்பது கிராமசபை.

எங்க அம்மாச்சி எந்த ஓடையில் தண்ணி குடித்தது, எந்த மரத்தடியில் பிள்ளையைப் புதைத்தது என்று எல்லாம் சொல்லும். நாங்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. அது செத்தபோது ஒரு பத்திரக்கட்டே எரிந்தது. காட்டோரச் சேரிகளில் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். தோழர்களே, மனு எழுதுமுன் நோட்டும் பேனாவுமாக அவர்கள் திண்ணைக்குப் போங்கள்.