பேரிலக்கியம் யாருக்கு? இளைஞர் நாவல் யாருக்கு?

பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான் என்றால் பெற்றோர் மகிழ்கின்றனர். அங்கே அவன் எதைப் படிக்கிறான், அதைத் தேர்ந்தெடுத்தவர் யார், என்ன கருதித் தேர்ந்தெடுத்தார் என்று கேட்போர் மிகச் சிலரே. பள்ளியில் கொடுத்த புத்தகம் நல்லதாகத்தான் இருக்கும் என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். ஆயின், ஒரு நாட்டின் பள்ளிப் புத்தக ஜாபிதாவை எடுத்துப் பார்த்தால், அந்நாடு தன் ஏழைப் பிள்ளையை எவ்விதம் மதிக்கின்றது என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டு ஹைஸ்கூல்களில் ஆங்கில இலக்கியப் பாடத்தைப் பற்றி நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ் போன்ற பெரும்புலவர்களின் நூல்களையே பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது ஒரு கட்சியாரின் வாதம். இக்காலத்து இளைஞரைப் பற்றி இக்காலத்து நடையில் எழுதப்பெற்ற நாவல்களைக் கொடுத்தாலன்றிப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள் என்பது மறு கட்சியாரின் வாதம். முன்னதைப் பேரிலக்கியம் என்றும், பின்னதை இளைஞர் நாவல் என்றும் இங்கே சொல்வோம். இவ்வழக்கின் வரலாறு நமக்கும் வேண்டியதே. நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்ற பள்ளிகளிலும் இதே வினா எழுந்திருக்கிறது.

ஜாபிதா பிறந்த கதை

பேரிலக்கிய ஜாபிதா ஆதிகாலந்தொட்டு வந்த சொத்து என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கற்றவர்கள் ‘பேரிலக்கியம்’ என்று சொன்னால் கிரேக்க நூல்களையும் லத்தீன் நூல்களையுமே குறித்தார்கள். ஷேக்ஸ்பியரை வீட்டில் படிக்கலாம், மேடையில் காணலாம். பள்ளியில் பாடமாகக் கற்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அக்காலத்தார் கொள்கை.

1874-ஆம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலை தன் பிரவேசப் பரீட்சையில் ஒரு புது விதியைச் சேர்த்தது. அங்கே சேர விரும்பும் மாணாக்கன், குறிப்பிட்ட நூல்களைப் படித்து வந்து, அவற்றுள் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு வியாசம் எழுத வேண்டும். ஷேக்ஸ்பியரின் சில நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் ‘தி விக்கர் ஆஃப் வேக்ஃபீல்டு’, ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ முதலியன அந்த ஜாபிதாவில் இடம் பெற்றன. அவ்வியாசத்தில் பரீட்சகர் பார்த்தவை எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், சொல்நடை ஆகியவையே. நூலின் சுவையைப் பிள்ளை அறிந்தானா என்பது அவர்களுடைய முதற் கவலையன்று. எழுத்துப்பிழையைச் சோதிக்க வந்த ஜாபிதாவே நாளடைவில் ‘பேரிலக்கியம்’ என்னும் பட்டத்தைப் பெற்றது.

பிற கலாசாலைகளும் தத்தமக்கென்று ஜாபிதாக்களை வெளியிட்டன. ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகள் வெவ்வேறு கலாசாலைகளுக்காக வெவ்வேறு நூல்களைப் படிக்க நேர்ந்ததால் உபாத்தியாயர்கள் திண்டாடினார்கள். அக்குழப்பத்தைத் தீர்க்க 1894-ஆம் ஆண்டில் ஒரு மாநாடு கூடிப் பொதுவான ஜாபிதாவுக்கு வழிவகுத்தது. அதன் பயனாக ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ஜார்ஜ் எலியட் அம்மையார் 1861-இல் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ போன்ற நூல்கள் தேசம் முழுதும் பரவின. 1890-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொது ஹைஸ்கூல்களில் பயின்றவர் சுமார் 2 லட்சம் பேரே. அவர்களுள்ளும் கலாசாலைக்குச் சென்றவர் சிலர். அச்சிலருக்காக வகுத்த ஜாபிதாவே எல்லாருக்கும் விதியாயிற்று.

கூட்டம் பெருகிற்று

1930-ஆம் ஆண்டில் அதே பள்ளிகளில் சுமார் 44 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். ஆலைத் தொழிலாளியின் மகன், குடியானவன் மகள், கப்பலேறி வந்த இத்தாலியன் பிள்ளை, யூதன் பிள்ளை ஆகிய எல்லாரும் வந்து அமர்ந்தார்கள். வகுப்பறை மாறிவிட்டது, ஆனால் மேஜைமேல் இருந்த நூல் மாறவில்லை.

இதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்கள் உபாத்தியாயர்களே. 1911-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் அவர்கள் ஆங்கில உபாத்தியாயர்களின் தேசிய சங்கத்தை நிறுவினார்கள். கலாசாலைகள் திணித்த ஒரே ஜாபிதாவின்மேல் அவர்களுக்கிருந்த வெறுப்பு, அச்சங்கம் தோன்றியதற்கு ஒரு முக்கிய காரணம். 1938-இல் லூயிஸ் ரோசன்பிளாட் அம்மையார் ‘லிட்டரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளொரேஷன்’ என்னும் நூலை வெளியிட்டார். இலக்கியம் தாளில் மட்டும் இருப்பதன்று; படிப்பவனுடைய வாழ்வும் நூலும் கூடும் இடத்திலேயே அது பிறக்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். இதை ஒப்புக்கொண்டால், படிக்கும் பிள்ளை யார் என்று கேளாமல் நூலைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆயினும் பழக்கம் எளிதில் விடுமோ? 1963-ஆம் ஆண்டில் நடந்த கணக்கெடுப்பிலும் ‘சைலஸ் மார்னர்’ அமெரிக்கப் பள்ளிகளில் முக்கால் பங்கில் பாடமாக இருந்ததாகக் காண்கிறோம்.

ஒரு பெண்ணின் நூல்

இளைஞர்க்கென்று எழுதப்பெற்ற நாவல்கள் அதற்கு முன்பும் இருந்தன. 1942-இல் மோரீன் டேலி எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ ஒன்று. ஆனால் பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டித் திறந்த நூல் 1967-இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ ஆகும். ஓக்லஹோமா மாகாணத்து டல்சா நகரில் ஹைஸ்கூல் மாணவியாக இருந்த எஸ். ஈ. ஹின்டன், பதினைந்து வயதில் அதை எழுதத் தொடங்கினார்; நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. ஆண் பிள்ளைகளின் கதையைப் பெண் எழுதினாள் என்று தெரிந்தால் மதிப்பு குறையுமென அஞ்சிப் பிரசுரகர்த்தர் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் அட்டையில் போட்டாராம்.

கதை எளியது. நகரின் ஒரு புறத்தில் தலையில் எண்ணெய் தடவிய ஏழைப் பையன்கள்; மறு புறத்தில் மோட்டார்க் கார்களில் திரியும் செல்வர் வீட்டுப் பையன்கள். இரு கூட்டத்துக்கும் பகை. தாய் தந்தையரை இழந்து தமையன்மாரோடு வாழும் போனிபாய் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் கதையைச் சொல்கிறான். இதைப் படித்த ஏழைப் பிள்ளைகள், ‘நம்மையும் ஒரு புத்தகத்தில் எழுதுவார்களா!’ என்று வியந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

இதே காலத்தில் வேறொரு சோதனையும் நடந்தது. மிச்சிகன் மாகாணத்தில் குற்றம் செய்த சிறுவர்களை வைத்திருந்த மாக்ஸி பள்ளியில், டேனியல் ஃபேடர் என்னும் ஆசிரியர் மலிவான காகித அட்டைப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் குவித்து வைத்து, பிள்ளைகள் விரும்பியதை எடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் விட்டார். புத்தகமே வேண்டாம் என்றிருந்த பையன்கள் படிக்கத் தொடங்கினார்கள். 1966-இல் வெளியான ‘ஹூக்டு ஆன் புக்ஸ்’ என்னும் நூல் அவ்வரலாற்றைக் கூறுகிறது.

எனினும் புது நூல்களிலும் எல்லாப் பிள்ளைகளும் இடம் பெற்றுவிடவில்லை. நான்சி லாரிக் அம்மையார் 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். அவற்றுள் நீக்ரோவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பெற்ற கறுப்பின மக்கள் ஒரு மூலையிலாவது தோன்றிய நூல்கள் 349 மட்டுமே. பேரிலக்கியத்தின் நிலையும் உயர்ந்ததன்று. 1989-இல் ஆர்தர் ஆப்பிள்பீ வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அமெரிக்கப் பள்ளிகளில் மிகுதியாகப் பாடம் வைக்கப்பெற்ற பத்து நூல்களில் பெண் எழுதியது ஒன்றே. கறுப்பினத்தார் எழுதியது ஒன்றும் இல்லை.

கதவு சுவரானது

இவ்வளவும் கேட்ட நேயர்கள், ‘பழையதைத் தூக்கி எறிந்து புதியதைக் கொடுத்தால் போயிற்று’ என்று சொல்லக்கூடும். அவசரப்படலாகாது. வழக்கின் முக்கியமான சாட்சி இனிமேல்தான் வருகிறது.

1985-ஆம் ஆண்டில் ஜீனி ஓக்ஸ் அம்மையார் ‘கீப்பிங் டிராக்’ என்னும் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 25 பள்ளிகளின் வகுப்புக்களில் நடப்பவற்றை ஆராய்ந்து எழுதியது அது. அப்பள்ளிகளில் பிள்ளைகளைத் திறமை என்ற பெயரால் மேல் வகுப்பு, கீழ் வகுப்பு எனப் பிரித்திருந்தார்கள். மேல் வகுப்பிலே பேரிலக்கியம், ஆராய்ச்சி வியாசம், சிந்தனைக்கு வேலை. கீழ் வகுப்பிலோ எழுத்துப் பயிற்சி, கோடிட்ட இடம் நிரப்புதல், கதை என்று கொடுத்தால் படிக்க எளிதான இளைஞர் நாவல். கீழ் வகுப்புக்களில் அளவுக்கு மிஞ்சி இருந்தவர்கள் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, சிறுபான்மைப் பிள்ளைகளுமே.

ஏழைப் பிள்ளையை உள்ளே அழைத்துச் செல்லும் கதவாக எந்த நூல் வந்ததோ, அதே நூல் அவனை வெளியே நிறுத்தும் சுவராகிவிட்டது. ‘உனக்கு இது போதும்’ என்று சொல்வது கருணையைப் போலத் தோன்றும்; ஆயின் அதற்குள் இருப்பது இகழ்ச்சி. அன்று ஹார்வர்டு ஜாபிதா, பிள்ளை யாரென்று கேளாமல் அவன்மேல் பாரத்தை ஏற்றியது. இன்று எளிய நூலை மட்டும் கொடுப்பவர், பிள்ளை யாரென்று பார்த்தவுடனே அவன் எட்டக்கூடிய உயரத்தைத் தாமே குறித்துவிடுகிறார். முன்னதற்குக் குருடு என்று பெயர் வைத்தால், பின்னதற்கு என்ன பெயர் வைப்பது?

ஒரே கோர்ட்டு, இரண்டு ஆசனங்கள்

தீர்ப்பு ‘தி அவுட்சைடர்ஸ்’ நூலுக்குள்ளேயே இருக்கிறது. கொலை வழக்குக்கு அஞ்சி ஓடிய இரு பையன்கள் பாழடைந்த மாதாகோவிலில் ஒளிந்திருக்கும்போது ‘கான் வித் தி விண்ட்’ நாவலை வாசிக்கிறார்கள். விடியற்காலைப் பொன்னொளியைக் கண்ட போனிபாய்க்கு ராபர்ட் ஃப்ராஸ்டின் ஒரு கவிதை நினைவுக்கு வருகிறது. சாகும் தறுவாயில் இருக்கும் தோழன் அக்கவிதையைப் பற்றிக்கொண்டே அவனுக்குக் கடைசி வார்த்தை சொல்லிப் போகிறான். டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கதையில் வரும் பிப் என்னும் ஏழைச் சிறுவனைத் தம் போன்றவனாகவே போனிபாய் காண்கிறான். முடிவில் பார்த்தால், கதை முழுவதுமே அவன் தன் ஆங்கில உபாத்தியாயருக்காக எழுதிய வியாசம்! பேரிலக்கியத்தை விரட்ட வந்தது என்று சொல்லப்பெற்ற நூல், பேரிலக்கியத்தின் மடியில் வளர்ந்திருக்கிறது.

டிக்கன்ஸின் அந்நூலும் பிறந்தபோது பேரிலக்கியமாகப் பிறக்கவில்லை. 1860, 1861-ஆம் ஆண்டுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்த சாமானிய மக்களுக்காக எழுதப்பெற்றது.

இதை உணர்ந்த அமெரிக்க உபாத்தியாயர்கள் சிலர், இரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் முறையைக் கைக்கொண்டனர். 1993-இல் ஜோன் கேவெல் அம்மையார் தொகுத்த நூல் ஒன்று இம்முறைக்காகவே வெளிவந்தது. ஓர் உதாரணம் சொல்லலாம். ஹார்ப்பர் லீ 1960-இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ நாவலில், குற்றமற்ற கறுப்பினத்தவன் ஒருவன் வெள்ளையர் கோர்ட்டில் விசாரிக்கப்படுகிறான். அதை நமக்குச் சொல்பவள் அவனுக்காக வாதாடும் வெள்ளைக்கார வக்கீலின் மகள். வால்டர் டீன் மையர்ஸ் 1999-இல் எழுதிய ‘மான்ஸ்டர்’ என்னும் இளைஞர் நாவலிலும் கோர்ட்டு உண்டு. அதில் கதையைச் சொல்பவன், ஹார்லெம் பகுதியில் பிறந்து கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவனே. தன் கதையைச் சினிமாக் கதையைப் போல எழுதிக்கொள்கிறான். முதல் நூலைப் பார்வையாளர் மாடத்திலிருந்தும், இரண்டாவது நூலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்தும் காண்கிறோம். இரண்டையும் படித்த பிள்ளைக்கு நீதி என்பதன் முழு உருவமும் தெரியும். ஒன்றை மட்டும் படித்தவனுக்குப் பாதிதான் தெரியும்.

மையர்ஸும் பள்ளிப் படிப்பை முடிக்காமல் பதினேழு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். இளமையில் நூல்களை நேசித்த அவர், அவற்றில் தம்மவர் இல்லாமை கண்டு மனம் கசந்தார். பின்னர் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘சானீஸ் ப்ளூஸ்’ என்னும் கதையைப் படித்த பிறகே, தம் தெருவைப் பற்றித் தாமும் எழுதலாம் என்னும் துணிவு பிறந்ததாகக் கூறியிருக்கிறார்.

நம் நாட்டிலே

ஆங்கிலேயர் ஆண்ட காலத்து மலாயாவில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையே நமது ஜாபிதாவை வகுத்தது. சுதந்திரத்திற்குப் பின் பல மாறுதல்கள் வந்தன. 2000-ஆம் ஆண்டில் மலேசிய இடைநிலைப் பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் இலக்கியப் பகுதி சேர்க்கப்பட்டபோது, மேல்படிவ மாணாக்கருக்கு ஸ்டைன்பெக்கின் ‘தி பேர்ல்’, கெரிஸ் மாஸின் ‘ஜங்கிள் ஆஃப் ஹோப்’ ஆகியவற்றோடு, கே. எஸ். மணியம் 1981-இல் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலும் வைக்கப்பட்டது. ஆங்கிலப் பள்ளிக்குப் போன ஒரு தமிழ்ப் பையனின் கதை அது. சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் அந்நூல்களுக்குப் பதிலாக எளிய இளைஞர் நாவல்கள் வந்தன. அவற்றுள் லீ சு ஆன் என்னும் மலேசிய எழுத்தாளரின் ‘தி கர்ஸ்’ ஒன்று. புதிய நூல்கள் கெட்டவை என்று நாம் சொல்லவில்லை. எளிய நூல் உள்ளே வந்தபோது நம் பிள்ளையின் முகம் காட்டிய நூல் வெளியே போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும் என்கிறோம். கடினம், எளிது என்னும் ஒரே தராசில் நூல்களை நிறுத்தால் இப்படித்தான் நேரும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் பையைத் திறந்து இவ்வாண்டு என்ன நூல் என்று பாருங்கள். அவனை வாசிக்கத் தூண்டும் நூல் ஒன்று அதில் இருக்கிறதா? அவன் எட்டிப் பிடிக்க வேண்டிய நூல் ஒன்றும் இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லையாயின், பள்ளிக்குச் சென்று மரியாதையாகக் கேளுங்கள். துரை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நூல், லயத்துப் பிள்ளைக்கு ஒரு நூல் என்னும் காலம் மலையேறிவிட்டது என்று நாம் பேசிக்கொள்கிறோம். அது உண்மையில் மலையேறிவிட்டதா என்பதை அந்தப் பைதான் சொல்லும்.