யாருடைய யுத்தம்?

உக்ரைனோ காசாவோ, எங்க யுத்தம் தொடங்கினாலும் இடதுசாரிகளுக்குள்ள ஒரு சண்டையும் சேர்ந்தே தொடங்கும்: இதில நாங்கள் எந்தப் பக்கம்? இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையில் இதே கேள்வி, ஒரே கட்சியில் இருந்தவர்களை எதிரெதிரே நிறுத்தியது.

லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியது 1935 டிசம்பரில். அதன் ஆட்கள் அதற்கு முன்னமே களத்தில் இருந்தவர்கள். 1933இல் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். அதே காலத்தில், யுத்த நினைவுக்கு விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்கு எதிராகப் பூவரசம்பூ விற்றார்கள். அதுதான் சூரியமல் இயக்கம். அவர்களுடைய வெளிநாட்டுக் கொள்கை அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன்: பேரரசின் யுத்தம் எங்கட யுத்தமில்லை.

1939இல் போர் வந்தபோதும் அதையே சொன்னார்கள். வெறும் அறிக்கையோடு நிற்கவில்லை. தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். ஜூனில் பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மன்ட் சமரக்கொடி நால்வரும் சிறையில். அதில் இருவர் அரசாங்க சபை உறுப்பினர்கள்!

இதற்கிடையில் கட்சி மொஸ்கோவின் மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கையில்லை என்று தீர்மானித்து, அதை ஏற்காத எஸ்.ஏ. விக்கிரமசிங்க அணியை வெளியேற்றியது. ஸ்டாலின்–ஹிட்லர் ஒப்பந்தம் நடப்பில் இருந்த அந்த நேரத்தில் மொஸ்கோ லைனும் ‘இது ஏகாதிபத்திய யுத்தம்’ என்பதுதான். 1941 ஜூன் 22இல் ஜெர்மனி சோவியத்துக்குள் புகுந்ததும் அது ‘மக்கள் யுத்தம்’ ஆனது. 1943இல் இவர்கள் அமைத்த கொம்யூனிஸ்ட் கட்சி பிரிட்டனின் போர் முயற்சியை ஆதரித்தது.

நாசிகளைத் தோற்கடிக்க வேண்டும் என்பதில் பிழையில்லை. பிரச்சினை வேற. அந்த ஜூன் 22இல் ஒரு றப்பர் தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ உரிமையோ ஒரு துளியும் மாறவில்லை. மாறியது மொஸ்கோவின் தேவை. அதற்காக இங்க வேலைநிறுத்தம் ஏன் பிழையாகவேண்டும்?

சமசமாஜிகளையும் சும்மா விடக்கூடாது. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத் தொழிலாளர் பலர் நகரைவிட்டே ஓடினார்கள். துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் குண்டுச்சத்தம் கேட்டவருக்கு ‘இரண்டு பக்கமும் ஏகாதிபத்தியம்’ என்ற பதில் எவ்வளவு காணும்? சரியான பதில்தான், ஆனால் பதுங்குகுழிக்குள் இருப்பவருக்கு அது பாதி.

அதே வாரம் நால்வரும் கண்டிச் சிறையிலிருந்து காவலாளி ஒருவரின் உதவியோடு தப்பினார்கள். பிறகு பலர் இந்தியாவுக்குப் போய், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கினார்கள். இந்தியக் கொம்யூனிஸ்ட் கட்சி அந்தப் போராட்டத்தை எதிர்த்தது. 1943இல் பிலிப்பும் என்.எம்.மும் பம்பாயில் பிடிபட்டார்கள்.

1947 தேர்தலில், அப்போது இரண்டாகப் பிரிந்திருந்த சமசமாஜிகளுக்கு 10, 5 என்று ஆசனங்கள். கொம்யூனிஸ்ட் கட்சிக்கு 3. சிறையுடைத்த கொல்வினைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி.