நுனியில் இருக்கும் கணக்கு

2011-ல் பெரியப்பாவுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். பரிசோதனை நாட்களில் அதிகாலை மின்சார ரயிலைப் பிடிப்போம். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஒன்றரை மணி நேரம். மூர் மார்க்கெட் பிளாட்பாரத்தில் இறங்கி சாலையைக் கடந்தால் அரசு பொது மருத்துவமனை.

ஒருநாள் ரயிலில் சொன்னார்: “எத்தனை வருஷம்னு மட்டும் நெட்ல பாத்துச் சொல்லுடா. உன் பெரியம்மாகிட்ட சொல்லாத.”

பார்த்தேன். அப்படித்தான் டெலோமியர் என்ற சொல்லில் போய் விழுந்தேன்.

இந்தக் கதையின் இரண்டு முனைகளும் ஒரே ஊரில் தொடங்குகின்றன. 1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோய் வந்தவர்களின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. அடுத்த வருடம், 1961-ல், அதே ஊரின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்டு ஹேஃப்ளிக், மனித செல்கள் சுமார் ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார். செல்லுக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது. எது எண்ணுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பதில் ஒரு குளத்து உயிரியிடமிருந்து வந்தது. டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியின் குரோமோசோம் நுனியில் ஒரே சிறு எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருவதை 1978-ல் எலிசபெத் பிளாக்பர்ன், ஜோசப் கால் இருவரும் வெளியிட்டார்கள். மனிதரில் அது டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து. புடவை முந்தியில் நூல் பிரியாமலிருக்கப் போடும் முடிச்சு மாதிரி. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அந்த நுனி கொஞ்சம் குறைகிறது. குறைந்ததை நீட்டும் நொதியான டெலோமரேஸை 1984-ல் கரோல் கிரைடர் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் கண்டார். 2009-ல் இவர்கள் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் நோபல் கிடைத்தது.

பெரியப்பாவிடம் இதை விளக்கத் திணறினேன். அவரே முடித்துவைத்தார்: “ரோல் தேஞ்சிருக்கறத வெச்சு எத்தனை டன் ஓடிருக்குன்னு சொல்வோம்ல, அதானே?”

அதேதான். ஒரே நோயாளியின் உடலில், புற்று அணுக்களின் டெலோமியர் ஆரோக்கியமான அணுக்களுடையதைவிடக் குட்டையாக இருந்தது. நோய் முற்றிய கட்டங்களில் இன்னும் குட்டை. நாள்பட்ட லிம்ஃபாய்டு வகையிலும் குட்டை டெலோமியர் உள்ளவர்களுக்கு நோய் வேகமாக முன்னேறியது. ஒரு பிழையான செல் எத்தனை தடவை தன்னைப் பிரித்துக்கொண்டது என்ற பழைய கணக்கு அந்த நுனியில் இருக்கிறது. மருத்துவம் அதை எதிர்காலமாக வாசிக்கப் பார்க்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம் பெருமையாகக் கேட்டேன், “டெலோமியர் டெஸ்ட் எடுக்கலாமா?” அவர் சிரித்தார். “படிக்க நல்லா இருக்கும் தம்பி. நாங்க பாக்கறது மண்ணீரல், ரத்த எண்ணிக்கை, அப்புறம் பிசிஆர்-ஏபிஎல். மாத்திரைய விடாம சாப்பிடச் சொல்லுங்க, அது போதும்.”

ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் தேடிய ‘எத்தனை வருஷம்’ அவர் சட்டைப்பையில் இருந்த அட்டையில் இருந்தது.

அந்தக் குட்டை குரோமோசோம் எப்படி உருவாகிறது என்பதை 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி கண்டார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் புரதத்தை அடைக்கும் மாத்திரை இமாடினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் இந்த நோய்க்காரர்களில் பெரும்பாலோர் சில வருடங்களிலேயே இறந்துபோனார்கள். இமாடினிபோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பத்து வருடம் தாண்டி உயிரோடிருந்தோர் சுமார் 83 சதவீதம் என்று அதன் முக்கிய மருத்துவச் சோதனை பின்னாளில் காட்டியது.

ஆனால் மாத்திரைக்கு விலை உண்டு. நோவார்ட்டிஸின் மாத்திரை அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 8,000 முதல் 10,000 வரை இருந்தது. நோவார்ட்டிஸ் பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது, உண்மை. ஆனால் இலவசம் கொடுப்பவர் கையில் இருக்கும். விலை குறைந்த மருந்து கடையில் இருக்கும்.

இந்த வழக்கு பெரும்பாலும் நம்ம ஊரில்தான் நடந்தது. 1998-ல் நோவார்ட்டிஸ் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2003-ல் தனி விற்பனை உரிமை கிடைக்க, 2004-ல் சென்னை உயர்நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களைத் தடுத்தது. 2005-ல் காப்புரிமைச் சட்டம் மாறியபோது 3(டி) என்ற பிரிவு வந்தது: தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, அதன் செயல்திறன் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை இல்லை. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி)-யை எதிர்த்த வழக்கை 2007-ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2009-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. வழக்கு டெல்லிக்குப் போனது.

2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதுப் படிக வடிவம் உடலில் 30 சதவீதம் அதிகமாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதிட்டது. நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியதாக நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். செய்தியைச் சொன்னபோது பெரியப்பா சந்தேகமாகப் பார்த்தார். “ஏப்ரல் ஒண்ணுடா இன்னைக்கு.”

டெலோமியரைப் பற்றிப் படித்ததில் ஒன்றை மட்டும் அவருக்குக் கடைசிவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இமாடினிப் வேலை செய்யும் உடலில் ரத்த அணுக்களின் சராசரி டெலோமியர் நீளம் மறுபடியும் கூடுகிறது. எந்த நுனியும் வளர்ந்துவிடவில்லை. தேய்ந்துபோன கூட்டம் வெளியேற, ஆரோக்கியமான பழைய செல்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருக்கின்றன.

பெரியப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். மாத்திரை தொடர்கிறது. எத்தனை வருஷம் என்று இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை.